படகுக்கு ஒரு வாஷிங் மெஷின்

ஒரு கோப்பு நகராமல் இருக்க வேண்டுமென்றால் அதை நிராகரிக்கக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். நிராகரித்தால் மேலிடத்துக்குப் போய்விடுவார்கள். 'இதை எங்கே வைப்பதாக உத்தேசம்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினால், ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அந்த வித்தையைக் கட்டிய புருஷன்மேலேயே காட்டுவேன் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். வீராணம் ஏரியைத் தாண்டித் தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர்கள். அந்த வீட்டிலிருந்து இப்படி ஒருவர் வந்தது என் ஜாதக விசேஷம். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "படகு ஒண்ணு வாங்கிட்டேன்" என்றார், கீரைக்கட்டு வாங்கியதைச் சொல்வது போல.

நாற்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகு. உள்ளே படுக்கை அறை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உண்டு. அதில் உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு வெளிநாட்டுத் தம்பதி, புதுச்சேரி வரை வந்ததும் மனம் மாறி, படகை விற்றுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார்களாம். இந்தச் செய்தியில் எனக்குத் தெரிந்த எச்சரிக்கை அவருக்குத் தெரியவில்லை.

"நாம ரெண்டு பேரும் அந்தமான் போயிட்டு வரலாம்" என்றார்.

"இத்தன வருசம் கடல்லயே கெடந்தீங்களே, பத்தலியா?"

"எங்க பாத்தேன்? எஞ்சின் ரூமுக்கு ஜன்னலே கெடையாது. கீழ உக்காந்து மீட்டரப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடல நெஜமா பாக்கவே இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. வருடத்தில் எட்டு மாதம் நான் தனியாகக் கிடந்திருக்கிறேன். பிள்ளையின் காய்ச்சலிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் மனிதர் சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் இருக்கிறார். அதற்குள் மறுபடி கடலா? என்னையும் கூட்டிப்போகிறேன் என்கிறார், சரி. ஆனால் எனக்குப் பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஏறவே கால் நடுங்கும். வர மாட்டேன் என்றால் தனியாகப் போய்விடுவாரோ என்ற பயம் வேறு. அதனால் நான் முடியாது என்று சொல்லவில்லை. "இட்லி மாவ எங்க வைக்கறது?" என்று கேட்டேன்.

படகுச் சாமான்களுக்கென்று அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் 'அவசியம்', வலப்பக்கம் 'இருந்தால் நல்லது'. அன்று வலப்பக்கம் காலியாக இருந்தது. என் கேள்விக்காக அதில் முதல் வரியாக 'ஃபிரிட்ஜ்' ஏறியது. ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் என்று கேட்டேன், பேட்டரி ஏறியது. பேட்டரிக்கு எது சார்ஜ் என்றேன், சோலார் தகடுகள் ஏறின. அவற்றை மாட்டப் பின்பக்கம் ஒரு கம்பிக் கூண்டு. மழை மூட்டமாக இருந்தால்? ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல்? தனி டேங்க். ஒரு கிண்ணம் இட்லி மாவுக்காக ஒரு பவர் ஹவுஸே எழும்பியது, எனக்கு மூன்று மாதம் கிடைத்தது.

இதற்கிடையே சிதம்பரத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கும் என் தம்பி வந்து சேர்ந்தான். அவனைத் தூண்டிவிட நான் சிரமப்படவே இல்லை.

"மாமா, துணிக்கு என்னா பண்ணுவீங்க? அக்காவ கடல் தண்ணியில தொவைக்கச் சொல்லப் போறீங்களா?"

"வாஷிங் மெஷினுக்குத் தண்ணி ஜாஸ்தி வேணுமே மச்சான்."

"கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற மெஷின் இருக்காம் மாமா. போட்டுடுங்க!"

போட்டார். ஏசியும் போட்டார். கிரைண்டர் வேண்டுமா என்று அவராகவே கேட்டபோது மட்டும் எனக்குச் சற்று உறுத்தியது. ஆனாலும், "டில்டிங்கா, டேபிள் டாப்பா?" என்று கேட்டு அதற்கும் இரண்டு வாரம் சம்பாதித்தேன்.

படகு கடலூர் முதுநகரில், உப்பனாற்றின் கரையில் கட்டிக்கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளைக்காரர், படகு மேஸ்திரி. அளந்துதான் பேசுவார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, படகுல பக்கவாட்டுல ஒரு நீலக் கோடு இருந்துச்சில்ல? தண்ணிக்கு ஒரு சாண் மேல?"

"ஆமா, ஃபோட்டோல பாத்தேன்."

"இப்ப இல்லம்மா."

"அழிஞ்சிடுச்சா?"

"தண்ணிக்குள்ள போயிடுச்சி. இனிமே ஒரு சாமான் ஏத்துனாலும் ஓடாது. வீடு கட்டி வாடகைக்குத்தான் விடணும்."

அவர் போனபின் நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் ஜெயித்துவிட்டேன். படகு இனி எங்கும் போகாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த ஜெயம் ருசிக்கவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீயே அடிச்சிக் குடு. எது வேணும், எது வேணாம்னு."

"எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத்தான் தெரியும். ஒரு ஃபைலு புடிக்கலன்னா நீ என்னா பண்ணுவன்னு போன்ல எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்க!"

எனக்குக் காது சுட்டது. "தெரிஞ்சேவா எல்லாத்தையும் வாங்கிப் போட்டீங்க?"

"கேள்வி வர்ற வரைக்கும் ஃபைலு மூடலன்னு அர்த்தம். நீ வரமாட்டேன்னு ஒரு தடவகூட சொல்லலியே."

மறுநாள் காலை சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியின் தோளைப் பிடித்தபடி, முதல் முறையாக அந்தப் படகில் ஏறினேன். உள்ளே நடக்க இடமில்லை. என் கேள்விகள் எல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்குமாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

வாஷிங் மெஷினை முதலில் அடித்தேன். அது போனதும் தண்ணீர் எந்திரம் தேவைப்படவில்லை, கேன்கள் போதும். ஏசி போனது, இரண்டு மின்விசிறி வந்தது. ஃபிரிட்ஜை அடித்ததும் பேட்டரியில் பாதி, தகடுகளில் பாதி, ஜெனரேட்டர், டீசல் டேங்க் எல்லாம் தாமாக விழுந்தன. மாவு வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம், அவல் கொண்டுபோகலாம். தானாகத் திசை பிடித்து ஓட்டும் கருவியை விட்டுவைத்தேன். இருவரும் தூங்கினால் யார் ஓட்டுவது என்று நான் கேட்டுத்தான் அது வந்தது, அது நியாயமான கேள்வி. நங்கூரத்தைத் தூக்கும் மோட்டாரும் இருக்கட்டும், அவர் இடுப்பு வலி எனக்குத் தெரியும். வயர்லெஸ், பம்புகள், உயிர்காக்கும் அங்கிகள் எல்லாம் இடப்பக்கம் இருந்தன, அவற்றை நான் தொடவில்லை. ஒன்றைத் தவிர.

"வாளி ஒன்று. எதுக்கு? தண்ணி எறைக்க மூணு பம்பு இருக்கே?"

"வாளி இருக்கட்டும்மா" என்றார் மேஸ்திரி.

"அவசியமில்ல" என்று அடித்தேன். அவர் வாதாடவில்லை. அந்தப் பச்சை வாளியை எடுத்து, பின்பக்கப் பலகைக்கு அடியில் தள்ளிவைத்ததை மட்டும் பார்த்தேன். அடங்காத ஊழியர் என்று நினைத்துக்கொண்டேன்.

கழற்றியவற்றைத் தம்பி முணுமுணுத்துக்கொண்டே சிதம்பரத்துக்கு ஏற்றிப்போனான். நீலக் கோடு மேலே வந்தது. அந்தமான் இருக்கட்டும், முதலில் ஒரு காலைப்பொழுது போய்வரலாம் என்று மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். முகத்துவாரத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினார். பாய் விரிந்தது. சத்தமே இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, காலையில் சாப்பிட்டது வந்தது.

மேஸ்திரி ஒரு வார்த்தை பேசாமல் வாளியை நீட்டினார்.

மூன்று மணி நேரம் அந்த வாளிக்குள்தான் இருந்தேன். என் கணவர் ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார், எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை தலையை நிமிர்த்தினேன். சுற்றிலும் வெயிலில் நீலமாக, முடிவே இல்லாமல் கிடந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலப் பாருங்களேன்" என்றேன்.

"இரு, அப்புறம் பாத்துக்கலாம். நீ தலைய குனிஞ்சிக்க."

கரைக்கு வந்து, நிலம் ஆடுவது நின்றபின், அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். நான் அடித்திருந்த 'வாளி ஒன்று' என்ற வரிக்கு அடியில் புள்ளிகள் வைத்து, 'அடித்தது தவறு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். பிறகு 'ஒன்று' என்பதை 'இரண்டு' என்று திருத்தினேன்.

"ரெண்டு எதுக்கு?" என்றார்.

"அடுத்த தடவ ரெண்டையும் மாத்தி மாத்திக் கழுவிக் குடுக்க மேஸ்திரி இருக்காரு. நீங்க கடலப் பாருங்க."