அத்தைக்குத் துணை

எங்கள் வீட்டு மாடிக்குப் போன மாதம் ஒரு பெண் குடி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் புது வேலை. அப்பாவும் அம்மாவும் வந்து பால் காய்ச்சி, கேஸ் மாட்டிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டார்கள். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கவலைப்படாமல் போங்கள் என்று அனுப்பிவைத்தேன். விஞ்ஞானம் படித்த பெண்ணுக்குக் காவல் இருப்பது எனக்குப் புதிய வேலை இல்லை. எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் குடியாத்தத்தில் இருந்தோம். அப்பா லுங்கி நெய்கிறவர். அவருடைய தங்கை, என் அத்தை, வேலூருக்கு பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். எங்கள் தெருவில் அந்தப் பட்டத்தைத் தடுமாறாமல் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். அவளுக்குப் பெங்களூரில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று உத்தரவு வந்தது.

வீட்டில் இரண்டு நாள் அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். மூன்றாம் நாள் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வயசுப் பெண்ணைத் தனியாக வெளியூருக்கு அனுப்ப முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். அம்மாவுக்குக் கைக்குழந்தை. மீதி இருந்தது நான்தான். இருபத்திரண்டு வயதுக்காரிக்கு எட்டு வயதுக்காரி எப்படித் துணை, ஏதாவது ஒன்று வந்தால் இவள் எதைத் தடுத்து நிறுத்துவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட ஒரு தலை இருந்தால் போதும், தெரு வாயை மூடிக்கொள்ளும். நான் மூன்றாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். மிச்சத்தை அங்கே படித்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, அத்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏதாவது சரியில்லை என்றால் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். வேறு யாரிடமும் இல்லை, என்னிடம் சொன்னார். அந்தப் பெருமையில் அம்மா அழுததைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மாள் தமிழ்க்காரிதான், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவள். கன்னடத்தில் குழந்தையை மகு என்பார்கள். என் பெயரை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, மகு என்றே கூப்பிட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் கண்டோன்மெண்ட் பக்கம் இருந்தது. அத்தை எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள், என்னைக் கொண்டுபோய் விட ஆளில்லை. ஜூனில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். நான் பகலெல்லாம் வீட்டுக்காரம்மாளுக்கு அவரைக்காய் உரித்துக் கொடுத்துக்கொண்டு காவல் இருந்தேன். காவல் காக்க வேண்டிய ஆள் மட்டும் வீட்டில் இருக்க மாட்டாள்.

அத்தை என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மேசை போட்டு எழுதுகிற வேலை என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கொசு வளர்த்தாள். மலேரியாவுக்கு மருந்து பார்க்கிற இடம் அது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரம்மாள் எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட, அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கொசுவலை கட்டிய கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் பக்கவாட்டில் சட்டைக் கை மாதிரி ஒரு துணிக்குழாய். உள்ளே ஒரு தட்டில் ஊறவைத்த உலர்திராட்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் உலர்திராட்சை தீபாவளிக்குத்தான், அதுவும் பாயசத்தில் ஆளுக்கு இரண்டு.

திராட்சை பசிக்கு, முட்டை வைக்க ரத்தம் வேண்டும் என்று அத்தை சொன்னாள். அதற்கு முயல் வைத்திருந்தார்கள். அந்த மாதம் முயல்களுக்கு ஏதோ சீக்கு. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு தங்கள் கையையே கூண்டுக்குள் விட்டார்கள். அன்றைக்கு அத்தையின் முறை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, இடது கையைத் துணிக்குழாய்க்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முகம் கோணவில்லை. வெளியே எடுத்தபோது முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

ஏன் அத்தை, நீ மாட்டேன் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆம்பளைங்க அத்தினி பேரும் கைய வுடறாங்க. நான் மட்டும் மாட்டேன்னா, பொம்பளைய எதுக்கு வேலைக்கு எடுத்தோம்னு கேப்பாங்க. இது நாங்களே வளக்கற கொசு பாப்பா, இதால காய்ச்சல் வராது. ஊர்ல மட்டும் சொல்லிடாத."

அவள் வேறு கூண்டைப் பார்க்கப் போன நேரத்தில் நானும் ஒரு கூண்டுக்குள் கையை விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அத்தை பார்த்துவிட்டு என் கையை இழுத்து, முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கடித்த கொசுக்களை வேறொரு கூண்டில் தனியாக எடுத்துவிட்டு, இவை உன் கொசு, இவற்றின் முட்டை பொரித்துப் பறக்கப் பதினைந்து நாளாகும், அந்த ஞாயிறு கூட்டிவந்து காட்டுகிறேன் என்றாள். அடித்ததற்குச் சமாதானம்தான். நான் நாளை எண்ணத் தொடங்கினேன்.

அத்தையின் கையைப் பார்த்ததிலிருந்தே வீட்டுக்காரம்மாள் அவளுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாள். என் கையையும் பார்த்ததும் பெரிய வியாதியேதான் என்று முடிவு கட்டி, அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா வாசலில் நின்றார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் அத்தை வரும்வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

அவள் வந்ததும் கையைக் காட்டச் சொன்னார். பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

"பாருங்கோ, மகுவுக்கும் ஒட்டிக்கிச்சி" என்றாள் வீட்டுக்காரம்மாள்.

"நீ சொல்லும்மா. உன்னத்தான அனுப்பிச்சேன். இன்னா இது?" என்றார் அப்பா என்னிடம்.

ஊரில் சொல்லிவிடாதே என்று அத்தை சொன்னது எனக்கு நினைவிருந்தது. மூட்டைப்பூச்சி என்றேன். இந்த வீட்டில் நிறைய மூட்டைப்பூச்சி என்றும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாளுக்கு வந்ததே கோபம். வியாதி, கார்டு எல்லாம் மறந்துபோயிற்று. பாய், தலையணை, ஜமக்காளம் ஒன்றுவிடாமல் முற்றத்தில் கொண்டுவந்து உதறி, "என் மனேல மூட்டைப்பூச்சியா? காட்டு, ஒண்ணே ஒண்ணு காட்டு" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பா குனிந்து பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அதற்குமேல் அத்தை மறைக்கவில்லை. முயல் சீக்கிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தலை நிமிராமல் கேட்டார். படிக்கவைத்தது இதற்கா என்று கேட்பார் என நினைத்தேன், கேட்கவில்லை. யோசித்து யோசித்துத்தான் பேசினார். வாத்தியார் சொல்லியனுப்பியிருக்கிறாராம். மாசி முடிவதற்குள் நான் திரும்பிவந்தால் முழுப்பரீட்சை எழுதி நாலாம் வகுப்புக்குப் போகலாமாம், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். நான் போய்விட்டால் அத்தை தனியாக இருக்க முடியாது, அவளும் கிளம்ப வேண்டியதுதான். அதனால் என்னையே கேட்பதாகச் சொன்னார்.

"ஊருக்கு வர்றியா பாப்பா? வர்றதுன்னா சொல்லு, ராத்திரி பஸ்ஸுக்கே மூணு பேரும் போயிடலாம்."

அம்மா நினைவு வந்தது. தம்பி தவழ்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்கிறவளிடம் என் பலப்பம் ஒன்று இருந்தது. அத்தையைப் பார்த்தேன். போய்ப் படி என்று அவள் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் விரல்விட்டு எண்ணினேன். அந்த ஞாயிற்றுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"வரல. என் கொசு இன்னும் பறக்கல" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். அத்தையிடம், பார்த்து நடந்துகொள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்காரம்மாளிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கொசு பறந்ததை நான் பார்த்தேன், மற்ற கொசு மாதிரியேதான் இருந்தது. ஜூன் வந்தது, அதற்கடுத்த ஜூனும் வந்தது. அத்தை அந்த இடத்திலேயே பெரிய உத்தியோகத்துக்கு உயர்ந்தாள். நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பப் போகவில்லை. இப்போது எழுதுகிற இந்த எழுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை சிலேட்டில் போட்டுக் கொடுத்தது. அது போதுமானதாகத்தான் இருந்தது. நான்கு பாஷை பேசுவேன், ஒரு வீட்டைக் கட்டி நிறுத்தியிருக்கிறேன். யாரிடமும் குறை சொன்னதில்லை.

ஆனால் அன்று அப்பா தெருமுனை திரும்பியதும் அத்தை அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதது மட்டும் மறக்கவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். வேலை போகவில்லை, அப்பா திட்டவில்லை, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கடித்த இடம் அரிப்பெடுத்துத் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, அவள் கையை இழுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். வெகு நேரம் தேய்த்தேன். நான் இழுத்தது வலது கை. அதில் ஒரு தடிப்பும் இல்லை. அத்தை அந்தக் கையை அப்படியே என் மடியில் விட்டிருந்தாள்.