ஓபாசானுக்குச் சொல்ல ஒரு வார்த்தை

ஜப்பான்காரர்களிடம் முதல் வணக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால், சிரித்த முகத்தோடு ஒருதரம் குனிந்துவிட்டு, அதோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டார்களாம். சொன்னது கண்டக்டர். கண்டக்டருக்குச் சொன்னது அவருடைய மச்சினன். மச்சினனுக்கு ரயிலில் யாரோ சொன்னார்களாம். கேட்ட டிரைவர் அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் பஸ்ஸை நிறுத்தினார்.

தாண்டாமல் என்ன செய்வார்? ஜப்பானில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன மாதம் குடல்வால் ஆபரேஷன். இங்கே டிரைவரும் மனைவியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக் கிடக்க, அங்கே மகள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியே கதியென்று இருந்து, ஊட்டிவிட்டு, தலைவாரிப் பின்னிவிட்டு, பிள்ளையை எழுந்து நடக்க வைத்துவிட்டார். மகள் அவரை 'ஓபாசான்' என்பாள். நாம் அத்தை என்று கூப்பிடுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரோடு பேசுவதாக ஏற்பாடு.

"நீங்க தமிழ்ல சொல்லுங்கப்பா, நான் அவங்க பாஷையில சொல்லிடறேன்" என்றாள் மகள்.

"நன்றி சொல்ல நடுவுல ஆள் வெப்பாங்களாம்மா? நானே சொல்லிக்கிறேன்."

சவடாலாகச் சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகள் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துப் பாடம் தொடங்கியது. பஸ் கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் வாயால் ஊதி, ஆவி படர்ந்த இடத்தில் விரலால் எழுதிப் பார்ப்பார். அங்கேயும் முதல் எழுத்து 'அ'தான். ஆனால் நம்முடையது சுழியில் பிறந்து கையெடுக்காமல் ஓடி முடியும். அவர்களுடையதில் படுக்கையாக ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு கீழே ஒரு கோடு, சுழி கடைசியில்தான். டிரைவரின் விரல் பழக்கதோஷத்தில் சுழியிலேயே போய் விழுந்தது.

"என்னண்ணே, கண்ணாடியில நண்டு மேய விட்டிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"நண்டு இல்லப்பா, அ."

"இதுவா? பாவம், கைகால் சுளுக்கிக்கிச்சு போல."

வணக்கத்திலும் வில்லங்கம். நமக்கு விடிந்தாலும் அடைந்தாலும் ஒரே வணக்கம். அங்கே காலைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, பொழுது சாய்ந்தால் வேறொன்று.

"இங்க மத்தியானம்னா அங்க இருட்டிடுமே. யாரு பொழுதுக்குச் சொல்றது?" என்று வீட்டில் மனைவியிடம் கேட்டார்.

"அவங்க பொழுதுக்குத்தான்" என்றாள் மனைவி. "உங்க பொழுதுக்குச் சொல்ல அவங்க என்ன உங்க பஸ்ஸுலயா ஏறப்போறாங்க?"

ஆக, பொழுது சாய்ந்தபின் சொல்லும் 'கொன்பன்வா'. அடுத்தது நன்றி. அதை ஒத்திகை பார்க்க, மனைவி குழாயில் தண்ணீர் பிடித்து நீட்டியபோது திடீரென்று, "அரிகாத்தோ கொஸாய்மாஸ்" என்றார்.

"என்னது?"

"நன்றின்னு அர்த்தம்."

மனைவி குழாயை மூடவும் மறந்து நின்றாள். வீட்டு மனுஷிக்கு நன்றி சொன்னால் அந்நியமாகிவிடும் என்றே வளர்ந்தவர் டிரைவர். தமிழில் சொல்லியிருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானிய மொழியில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வராத வார்த்தை! அதுக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சாக்கும்" என்று நொடித்தவள், தம்ளரை வாங்கி மறுபடி நிரப்பி நீட்டினாள். "இன்னொருக்கா சொல்லுங்க. சரியா வரல."

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குறித்த நேரத்துக்கு முன்னாலேயே போன் அடித்தது. திரையில் மகள் பெயர் இல்லை. நான்கு ஜப்பானிய எழுத்துகள். மகளிடம் வீட்டுக்காரம்மாவின் எண்ணை வாங்கி, டிரைவரே விரலால் எழுதிப் பதிந்து வைத்தவை. எழுத்துக் கூட்டினார்: ஓ... பா... சா... ன்.

"அடியே, பிள்ளை இல்லாம அவங்களே கூப்பிடறாங்கடி!"

"நல்லதாப் போச்சு. எடுங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"கண்டக்டர் மச்சினன் நாசமாப் போக! எடுங்கன்னா."

டிரைவர் எழுந்து நின்றார். மேஜைமேல் அதிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார்.

"எடுத்துட்டுக் குனிங்க!"

மகளுக்குத் தலைவாரிவிட்ட கை, அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. டிரைவரின் உதடுகள் 'கொன்பன்வா'வைக் கூட்டிக்கொண்டிருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது.