குடிலோடு இறங்கும் பெட்டி

எங்கள் வீட்டில் வீடியோ கேமுக்கும் ஒரு திருநாள் காலம் உண்டு. டிசம்பரில் பரணிலிருந்து கிறிஸ்மஸ் குடில் சாமான்கள் இறங்கும்போது அதுவும் இறங்கும். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மாதா, சூசையப்பர், இடையர்கள், கால் உடைந்த ஒட்டகம் எல்லாரையும் பழைய துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் படுக்க வைக்கும்போது அதுவும் கூடவே படுத்துக்கொள்ளும். இது அம்மா போட்ட சட்டம். அரைப்பரீட்சை லீவுக்கு மட்டும்தான் கேம், மற்ற நாளெல்லாம் படிப்பு. நானும் தம்பியும் படித்து வாங்கிய மார்க்கைப் பார்த்திருந்தால் யாரும் இந்தச் சட்டத்தைப் பெரிதாகப் பேச மாட்டார்கள்.

அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்த காலத்தில் வாங்கிவந்த பெட்டி அது. வெள்ளையும் சிவப்புமாக இருக்கும். கூடவே ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சடித்திருந்தான். உள்ளே போனால் ஏழெட்டுதான், மீதியெல்லாம் அதையே பேர் மாற்றி வைத்த ஏமாற்று வேலை. பைக் ரேஸ் ஒன்று, கொஞ்சம் வேகமாகப் போனாலே இன்ஜின் சூடாகி நின்றுவிடும். வாத்து சுடுகிற ஆட்டம் ஒன்று, அதற்குத் துப்பாக்கி வேண்டும், எங்களிடம் இல்லை. ஆகவே எங்கள் லீவெல்லாம் டேங்க் ஆட்டத்திலேயே போனது.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திரையின் அடியில், நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து எதிரி டேங்குகள் இறங்கி வரும். நம் டேங்கை ஓட்டிப்போய் அவற்றைச் சுட்டுப் பறவையைக் காப்பாற்ற வேண்டும். பறவை மேல் ஒரு குண்டு பட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. அந்தக் குண்டு நாமே சுட்டதாக இருந்தாலும் அதே கதிதான்.

அப்பா வாங்கிவந்ததுமே அம்மா அதைப் பரணில் ஏற்றிவிட்டாள். லீவு வந்து முதல்முறை பெட்டியைத் திறந்தால் இரண்டாவது கன்ட்ரோலரின் வயரை எலி தின்றிருந்தது. மிச்சம் ஒன்றுதான். நானும் தம்பியும் போட்ட சண்டையில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சேந்தே வெளையாடுங்க. ஆம்பளப்பிள்ள ஓட்டட்டும். ஏளா, நீ சுடு."

அன்றிலிருந்து ஒரே கன்ட்ரோலரை இரண்டு பேரும் பிடித்தோம். இடப்பக்கம் திசைப் பட்டன்கள் அவன் கையில். வலப்பக்கம் சுடுகிற பட்டன் என் கையில். அவனைவிட நான் இரண்டு வயது மூத்தவள். இருந்தும் துரை ஓட்டுவார், "எக்கா அடி! அடி!" என்று கத்துவார், அப்போது மட்டும் நான் அமுக்க வேண்டும். நானாக அமுக்கினால் அழுது ஊரைக் கூட்டுவான். இடுப்போடு இடுப்பு ஒட்டி உட்கார்ந்து எத்தனையோ லீவுகள் இப்படிப் போயின. நடுவில் ஆறு மாதிரி தண்ணீர் ஓடுகிற ஒரு ஸ்டேஜ் வரும். அதை மட்டும் நாங்கள் தாண்டியதே இல்லை.

அந்தத் தம்பி பிறகு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். டெக்கில் சேர்ந்து, இப்போது போசன், அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவன். கப்பல் கரையை அணையும்போது கயிறு போடுவதும் கட்டுவதும் அவன் பொறுப்பு. கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டில் இருப்பது அபூர்வம். போன டிசம்பரில் இருந்தான். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டிலேயே கிடந்தேன்.

கேமைப் பரணிலிருந்து தேடி எடுத்தது அவன்தான். குடில் கட்ட ஆளைக் காணோம், துரை டிவிக்குப் பின்னால் மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் சொருகிக்கொண்டிருந்தார். பெரிய டிவியில் படம் அகலமாக இழுபட்டு, டேங்க் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருந்தது. ஆனால் ஸ்டேஜ் தொடங்கும்போது வருகிற அந்த இசை அப்படியே இருந்தது. நானும் கூடவே அதை முணுமுணுத்தேன், மறைப்பதற்கில்லை.

மறுநாளே கடைக்குப் போய் இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். கடை அண்ணாச்சி தூசியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "இத இன்னும் யாரு வெளையாடுதா? பிள்ளையளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என் டேங்கை நானே ஓட்டப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஓட்டினால்தான் தெரிந்தது, எனக்கு ஓட்டவே தெரியாது. சுவரில் முட்டி முட்டி நின்றேன். சுடுவதில் மட்டும் குறையில்லை.

தம்பி நேர்மாறு. அழகாக ஓட்டினான், வளைந்து ஒளிந்து எல்லா இடத்துக்கும் போனான். ஆனால் அவன் டேங்க் சுடவில்லை. எதிரி நேருக்கு நேராக வந்தாலும் சும்மா நிற்கும். கடைசியில் பறவைக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொள்ளும்.

"பட்டன் போச்சுக்கா, பழசுல்லா" என்றான்.

நானும் நம்பினேன். திருப்புளியால் திறந்து, உள்ளே இருந்த ரப்பரைத் துடைத்து, சின்ன வயதில் செய்ததுபோல சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைக் கத்தரித்து ஒட்டினேன். நான் அமுக்கிப் பார்த்தால் பட்டாசாக வெடித்தது. அவன் கைக்குப் போனால் மறுபடியும் மௌனம். புதியதை அவனிடம் கொடுத்துவிட்டுப் பழையதை நான் எடுத்துக்கொண்டேன். அப்போதும் என் டேங்க்தான் சுட்டது.

புத்தாண்டு அன்று மத்தியானம் அம்மாவும் தம்பி மனைவியும் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுக்கப் போயிருந்தார்கள். நாங்கள் இருவரும்தான் இருந்தோம். நான் திரையைப் பார்ப்பதை விட்டு அவன் கையைப் பார்த்தேன். வலது பெருவிரல் பட்டன் மேல் இருந்தது. தோளிலிருந்து கை முழுதும் அமுக்கியது, விரல் அமுக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிறிஸ்மஸ் அன்று பிரியாணியைக் கரண்டியால் சாப்பிட்டான். "தொர வந்துருக்காரு, கையில சாப்பிட மாட்டாரு" என்று அம்மா கேலி செய்தபோது, கப்பல் பழக்கம் என்று சிரித்தான். கோயிலுக்கு மனைவியை பைக் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனான். அவள் ஓட்டுவதை என்றைக்கும் குறை சொல்கிறவன், இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டு வரை ஒரு நீளமான தழும்பு இருந்தது. கம்பி கிழித்துவிட்டது என்று சொல்லியிருந்தான்.

"ஏலே, கையக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுன்னு சொன்னேன்."

என் விரலை அவன் உள்ளங்கையில் வைத்து அமுக்கச் சொன்னேன். கைக்குழந்தை இதைவிட நன்றாகப் பிடிக்கும்.

ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் அவன் கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. தையல் போட்டார்கள், நரம்பு அடிபட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். அவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று ராஜாக்கள் முடிந்ததும் சென்னையில் மெடிக்கல், அது முடிந்தால் அடுத்த கப்பல்.

"மெடிக்கல்ல எப்படிலே விடுவான்?"

"கண்ணப் பாப்பான், காதப் பாப்பான், ரத்தம் எடுப்பான். டாக்டர் என்ன கயித்தையா இழுக்கச் சொல்லப் போறாரு?" என்றான். பிறகு டிவியைக் காட்டினான். "தெனமும் அமுக்கி அமுக்கிப் பழகுதேன். அந்தத் தண்ணி ஸ்டேஜ நான் ஒத்தையில தாண்டிட்டேன்னா கை வந்துட்டுன்னு அர்த்தம். போயிருவேன்."

எனக்கு வந்த கோபத்தில் கன்ட்ரோலரை எறிந்திருப்பேன். கப்பலைக் கட்டியிருக்கிற கயிறு ஒன்றும் கிணற்றுக் கயிறு இல்லை. என் தொடைப் பருமன் இருக்கும். அது முறுக்கேறி நிற்கும்போது பக்கத்தில் போகாதே என்று ஆபீசில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கயிற்றுக்கு முன்னால், ஒரு பட்டனை அமுக்க முடியாத கையோடு இவன் போய் நிற்கப் போகிறானாம்.

"அந்தக் கயிறு ஒன் மூஞ்சியப் பாத்து எரக்கப்படுமாலே? ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ என்ன செய்வா?"

"கப்பக்காரன்னுதானக்கா அவ என்னயக் கட்டுனா. கரையில எனக்கு என்ன தெரியும்? இங்கன ஒக்காந்து என்ன செய்ய?" குரல் உடைந்தது. "அவகிட்ட மட்டும் சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. கோபமெல்லாம் வடிந்து, அவன் மேல் பாவமாக இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் என் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கன்ட்ரோலரின் வலப்பக்கத்தைப் பிடித்தேன்.

"ஓட்டு" என்றேன்.

இரண்டு பேரும் நன்றாகப் பெருத்திருந்தோம், பாய் போதவில்லை. முதல் ஸ்டேஜில் அவன் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினான். இரண்டாவதில் மெதுவாக, "அடிக்கா" என்றான். அப்புறம் கத்தத் தொடங்கினான். நானும் அமுக்கினேன். நல்லாவே போனது. ஒருவழியாகத் தண்ணீர் ஸ்டேஜுக்கு வந்தோம், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தம்பி மனைவி உள்ளே வந்தாள். பலகாரம் கொண்டுபோன தட்டில், பக்கத்து வீட்டில் வைத்துக் கொடுத்த வாழைப்பழம் இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த கன்ட்ரோலரையும் பார்த்தாள்.

"ரெண்டு இருக்குல்லா? ஒண்ண ரெண்டு பேரு பிடிச்சிட்டு என்ன செய்யுதிய?"

சின்ன வயதில் இப்படித்தான் விளையாடுவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. அவள் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போயிருப்பாள், அவனும் சென்னைக்குப் போயிருப்பான். என் வாய் வரை வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தேன். அவன் வாயும் அதற்குத்தான் திறந்தது என்று நினைக்கிறேன். மூடிக்கொண்டான்.

"எனக்கு அமுக்க வரல, ஏளா" என்றான். "பெருவெரல்ல பெலமே இல்ல."

இதற்குள் திரையில் யாரும் ஓட்டாத எங்கள் டேங்க் வெடித்து, பறவையும் போய்விட்டது.

அவள் தட்டைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எப்ப?"

"மழைக்கு முன்ன."

"தெனமும் வீடியோ கால் பேசுனியளே?"

"எடது கையில போன் பிடிச்சிருந்தேன்."

அவள் அவன் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பை விரலால் தடவினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப பைக்க அதுக்குத்தான் என்னய ஓட்டச் சொன்னியளா? நான் நல்லா ஓட்டுதேன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் ஓட்டுத" என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சென்னைக்குப் போகிற யோசனையையும் அவனே சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "எந்திரிங்க மதினி."

எழுந்தேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்து வலப்பக்கத்தைப் பிடித்தாள். ஆட்டம் தொடங்கியதும் ஒரே அமுக்கு. நிறுத்தவே இல்லை. அவன் டேங்கைத் திருப்பியபோது குண்டுகள் எங்கள் செங்கல் சுவரையே உடைத்துக்கொண்டு போய்ப் பறவை மேல் விழுந்தன. ஆட்டம் முடிந்தது.

கண்ணீரும் சிரிப்புமாக அவன் சொன்னான், "ஏளா, நான் சொல்லும்போதுதான் அமுக்கணும்."

"சொன்னாத்தான தெரியும்?" என்றாள் அவள். "நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாழைப்பழத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

அவன் சென்னைக்குப் போகவில்லை. கை விஷயத்தைக் கம்பெனிக்கு அவனே போன் செய்து சொன்னான். அவள் அவனை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ஒரு கை டாக்டரிடம் போய்வந்தாள். நரம்பு மெதுவாக வரலாம், முழுதும் வராமலும் போகலாம், விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாராம். கப்பல் இனிமேல் உண்டா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நானும் அம்மாவும் குடிலைப் பிரித்தோம். ஒவ்வொரு சுரூபமாகத் துணியில் சுற்றிக் கொடுத்தேன், அம்மா பெட்டிக்குள் அடுக்கினாள். ஒட்டகத்தையும் வைத்தாயிற்று. ஓரத்தில் கேமுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

"அடி ஏளா! அடி, அடி!"

"சத்தம் போடாதிய, அமுக்கிட்டுத்தான இருக்கேன்!"

எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த இடத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் அவனை இப்படித் திருப்பிக் கத்த எனக்குத் தோன்றவே இல்லையே. அவர்களிடமிருந்து கேமை வாங்கிவரலாம் என்று எழுந்தேன்.

அம்மா பெட்டியின் மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைச் சாத்தினாள்.

"அது கீழயே கெடக்கட்டும், ஏளா" என்றாள்.