ராமன் பூட்டி வைத்த வைஃபை

பேனல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனைக் கண்டால் ராமனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக மெயின்டனன்ஸ் வேலை. உற்பத்தி லைனுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டியைத்தான் அங்கே பேனல் என்பார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் ஒரு பேனலைச் சாத்த மறந்தார். உள்ளே பல்லி விழுந்தது. ஒரு ஷிப்ட் முழுக்க லைன் நின்றது. மெமோவைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். விளக்கு மினுக்குகிற சாமான் எதுவானாலும் அது இரும்புக்குள்ளே இருக்க வேண்டும், கதவு சாத்தி, பூட்டுப் போட்டு.

அந்த முடிவு பென்னலூரில் இருக்கும் அவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. போன மாதம் வீட்டு வைஃபை பெட்டிக்குள் ஒரு பல்லி புகுந்து அதைத் தீர்த்துக்கட்டியது. புதுப் பெட்டி வந்த அன்றே ராமன் காயலான் கடையில் பழைய பேனல் ஒன்றைப் பிடித்தார். துருவைத் தேய்த்தார், சாம்பல் பெயின்ட் அடித்தார், முன்னறைச் சுவரில் மாட்டிப் பெட்டியை உள்ளே குடிவைத்தார். சாவி அரைஞாண் கயிற்றில் ஏறியது.

மனைவி கோவிந்தம்மா அந்த முன்னறையில்தான் கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்திருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் பி.எஃப். விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள், சம்பளச் சீட்டு பிரின்ட் எடுத்துக் கொடுப்பாள். பேனலின் அடியில் போட்ட துளை வழியாக அவள் கம்ப்யூட்டருக்கு ஒயர் வந்தது. நெட் பறந்தது.

"பாத்தியா, இன்னா ஸ்பீடு! பொருளைப் பத்திரமா வெச்சா அது ஒழைக்கும்" என்று ராமன் மீசையை நீவிக்கொண்டார்.

மகள் நிலா ஐந்து மாதக் கைக்குழந்தையோடு மாடியறைக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. அவள் வேலை சென்னையில். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீசில் ஒத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரையும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரை மணி நேரம் வீடியோவில் நெட் லைனைப் பரிசோதிப்பார்கள். மூன்று தடவை அறுந்தால் திங்கட்கிழமை முதல் தினமும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். செல்போன் நெட் கூடாது. கதவு சாத்திய தனி அறை வேண்டும். அதனால் கூட்டம் வந்து போகிற முன்னறையிலும் உட்கார முடியாது. ஆபீசுக்குப் போவதென்றால் விடிவதற்குள் கிளம்பி, குழந்தை தூங்கிய பிறகுதான் வீடு திரும்பலாம். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் வந்தது. மாடியில் வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டு வைஃபையின் பெயர் திரையில் எட்டிப் பார்த்தது, உடனே காணாமல் போனது.

"உங்க ஆபீஸ்காரன் டுபாக்கூர் மிஷினை தள்ளி வுட்டுக்கீறான்" என்றார் ராமன். "அம்மாது சூப்பரா ஓடுதே?"

அன்று ராத்திரி நிலா சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ராமன் ஒயர் சுருளும் டிரில்லிங் மிஷினுமாக வந்து நின்றார். முன்னறைக் கூரையில் ஓட்டை போட்டு, மொட்டை மாடி வழியாக மாடியறைக்கு ஒயர் இழுப்பதாகத் திட்டம். கோவிந்தம்மா எழுந்தே விட்டாள்.

"போன வருசம் போட்ட மொட்டை மாடியா! மழைத் தண்ணி என் பிரின்டர் மேல ஊத்தணுமா? வேற வழியே இல்லியா உனுக்கு?"

"நேரம் இல்லடி" என்றபடி ராமன் பேனலைத் திறந்தார். ஒயரைச் சொருக எந்த ஓட்டை காலியாக இருக்கிறது என்று தேடினார். மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! வந்துடுச்சுப்பா!"

ராமன் பேனலைச் சாத்தினார், பூட்டினார், மூச்சு வாங்க மாடிப்படி ஏறினார். நிலா முகம் தொங்கிப் போயிருந்தது. "போயிடுச்சுப்பா."

இறங்கி வந்து பெட்டிக்கு என்ன வந்தது பார்க்கலாம் என்று திறந்தார். "வந்துடுச்சு!" சாத்திவிட்டு ஏறினார். "போயிடுச்சு."

இன்னொரு தடவையும் அதே கூத்து. மூன்றாம் தடவை இறங்கும்போது அவருக்கு முட்டி வலித்தது. சம்பளச் சீட்டுக்காகக் காத்திருந்த தங்கமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், தெருக்கோடி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

"இன்னாமா சிரிப்பு?"

"கோவிச்சுக்காதீய அண்ணாச்சி. நீங்க கதவ அடைச்சாத்தான் அது சாவுது. தொறந்து போட்டா அக்கா சந்தோசமாக் கத்துதாவ. நானும் மூணு வாட்டி பாத்துட்டேன்."

ராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் பேனல் ரூமின் இரும்புக் கதவைச் சாத்தினால் செல்போனில் ஒரு புள்ளி நிற்காது. புதிதாக வருகிறவனிடமெல்லாம், "போன் பேசணும்னா வெளிய போடா, இரும்புக்குள்ள சிக்னல் வராது" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர் அவர்தான்.

"அந்தப் பெட்டிக்குள்ள நீ உக்காந்துகினு கூப்பிட்டா எனுக்குக் கேக்குமாய்யா?" என்றாள் கோவிந்தம்மா. "அதுக்கும் அதே கதிதான்."

மணி பத்தே முக்கால். ராமன் பேனலை விரியத் திறந்தார். நேர் மேலே, டியூப்லைட் ஓரத்தில், ஒரு பல்லி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு மாடியறைக் கதவு சாத்தப்பட்டது. கீழே ராமன் கையில் விளக்குமாற்றோடு பேனலுக்குக் காவல் நின்றார். பல்லி நாலு விரற்கடை இறங்கினால் இவர் விளக்குமாற்றை ஆட்டுவார், அது ஏறிக்கொள்ளும். சீட்டு வாங்க வந்த இரண்டு பையன்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். குழந்தை ஒருமுறை சிணுங்கியது. கோவிந்தம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு பிரின்டரை அணைத்துவிட்டாள். அரை மணி நேரம் இவ்வளவு நீளம் என்று ராமனுக்கு எந்த ஓவர்டைமிலும் தெரிந்ததில்லை.

பதினொன்றரை தாண்டி மாடிக்கதவு திறந்தது. நிலா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஒரு தடவைகூட அறுந்து போவலப்பா! திங்கக்கிழமையிலேருந்து வூட்லயே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கீழே கம்ப்யூட்டரிலும் தங்கமாரியின் சம்பளச் சீட்டு வந்து நின்றது. ஒரே பெட்டி, ஒன்றுக்கு ஒயர், மற்றதற்கு ஒயரில்லை, இரண்டும் ஓடின. ராமன் விளக்குமாற்றோடு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மெமோ வாங்கிய நாளிலிருந்து உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தாற்போல இருந்தது.

சாயங்காலமே பெட்டியைப் பேனலிலிருந்து எடுத்துச் சுவரில் வெறுமனே மாட்டினார். ஆனால் பல்லியை அவர் மன்னிக்கவில்லை. பழைய நைலான் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, பெட்டிக்கு உறை தைத்துத் தரச் சொன்னார். கோவிந்தம்மா தைத்துக் கொடுத்தாள். மாடியில் சிக்னல் அசையவில்லை.

காலியான பேனலில் இப்போது பிரின்டர் பேப்பர் கட்டுகள் இருக்கின்றன. கதவு சாத்தித்தான் இருக்கிறது. பூட்டும் போட்டிருக்கிறது.

"பேப்பரையும் பல்லி துன்னுமாய்யா?" என்று கோவிந்தம்மா கேட்டாள்.

"ஒனுக்கு இன்னாடி தெரியும்" என்று ராமன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.