குங்குமப் பொட்டில் எழுந்த புள்ளி

திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன் தாட்சாயணி. புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் ரயிலில் வந்து போகிறவள். அவள் செய்துகொண்டிருந்தது ரப்பர் போன்ற ஒரு மெல்லிய தாள். அதை இழுத்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் கோல் வடிவ மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். அப்போது புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்த வரிசை நிலைத்துவிடும். பிறகு சூடு பட்டால் தாள் சுருங்கும், ஆறினால் நீளும்.

அவளுக்கு வேண்டியிருந்தது பார்வையற்றோர் விரலால் படிக்கும் புள்ளிகள். சூட்டில் எழுந்து, ஆறியதும் அமிழ்ந்தால், ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் புத்தகம் முழுவதையும் படிக்கலாம். திங்கட்கிழமை பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர், தானும் பார்வையற்றவரான ஹரிபாபு தொட்டுப் பார்க்க வருகிறார். அவர் விரலுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அதுவரை செய்த நாற்பது தாள்களும் மொத்தமாகச் சுருங்கினவே தவிர, ஒரு புள்ளிகூட எழவில்லை.

வெள்ளிக்கிழமை இழுத்துக் கட்டிய தாளை விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். வந்தவள் திறந்து பார்க்காமல் சுவிட்சைப் போட்டாள். வெளியே எடுத்தால் தாளின் நடுவே சந்தனமும் குங்குமமும். துடைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாக ஹாட் பிளேட்டில் போட்டாள். பொட்டு இருந்த இடம் மட்டும் மெல்ல மேடாக எழுந்தது.

கூடத்தைப் பெருக்கும் ரத்னம்மாவைக் கூப்பிட்டாள்.

“நான்தாம்மா வெச்சேன். எல்லா மிசினுக்கும் வெச்சிக்கினே வந்தேன், இத மட்டும் உட்டா நல்லாருக்குமா? என் வேலை போச்சா?”

“அதெல்லாம் ஒன்னும் போவலக்கா. எந்த வெரல்ல வெச்சே?”

“மோதிர வெரலு. அதக்கூடவா எழுதிக்கினு இருப்பே?”

“எழுதணும்கா.”

நோட்டில் எழுதினாள். தற்செயலாக ஒன்று கண்ணில் படுவது பெரிய காரியமில்லை. பட்டதை நம்ப மறுத்து அவள் உட்கார்ந்த அந்த இரண்டு நாட்களைத்தான் சொல்ல வேண்டும். பொட்டு வெளிச்சத்தை மறைத்ததால் அதன் அடியில் வரிசை நிலைக்கவில்லை. சுற்றிலும் சுருங்கும்போது அந்த இடம் மட்டும் சுருங்காமல் மேலே பிதுங்குகிறது. அப்படித்தானா? கறுப்புக் காகித வட்டங்களை ஒட்டிப் பார்த்தாள். எழுந்தது. காகிதம் ஒட்டாமல் செய்து பார்த்தாள். எழவில்லை. பத்தொன்பது தடவை.

திங்கட்கிழமை ஹரிபாபு ஆறு புள்ளித் தாளின் மேல் விரலை வைத்தார்.

“ஒன்னுமில்லியே மேடம்.”

“சூடு ஏறட்டும் சார்.”

தாளுக்கு அடியில் இருந்த தட்டு மெல்ல வெதுவெதுப்பானது.

“வந்துக்கினு இருக்குது... ஒன்னு, ரெண்டு...” விரல் நின்றது. “அஞ்சுதான். ஆறாவது தூங்குது.”

இது எப்படித் தோன்றியது என்று பக்கத்தில் நின்ற திட்டத் தலைவர் கேட்டார். தன் யோசனை என்று அவள் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. “வெள்ளிக்கெழம ரத்னம்மாக்கா வெச்ச பொட்டு சார்” என்று நோட்டை நீட்டினாள். அவர் சிரித்தார், படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. வேலை தொடரட்டும் என்றார்.

ஹரிபாபு கைத்தடியை எடுத்தார்.

“அடுத்த வாரம் வரேன் மேடம். அந்தத் தூங்குமூஞ்சிய எழுப்பி வைங்க.”

அவர் வாசலைத் தாண்டுமுன் தாட்சாயணி தாளைத் திருப்பி, ஆறாவது இடத்தில் காகிதம் ஒட்டிய தடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.