காய்ந்து கிடந்த குழாய்கள்

கட்டுமானத் துறைக்குள் நுழைவது எப்படி என்று கேட்டால் படிப்பு, பரீட்சை, பயிற்சி என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். நிஷாலினியும் அந்த வழியில்தான் வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமொன்றில் பிறந்து, உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்து, பதுளையில் சிவில் டிப்ளோமா படித்தவள். "கொத்தனார் வேலைக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போனவள். ஆறு மாதப் பயிற்சி மட்டும் மிச்சம். அதன் முடிவில் இஞ்சினியர் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தால் சான்றிதழ், சான்றிதழ் வந்தால் வேலை. ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஓடிவிட்டன.

பயிற்சி அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஏழு குடும்பங்கள் இருக்கும் லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்துகொண்டே வந்ததால், மண்ணைத் தாங்க ஒரு கொங்கிரீட் சுவர் கட்டினார்கள். சுவருக்கும் அந்த வீடுகளின் அடுப்படிக்கும் நடுவில் பத்தடிகூடக் கிடையாது. இப்படிப்பட்ட சுவருக்கு மண் பெரிய எதிரியில்லை, மண் குடிக்கும் தண்ணீர்தான் எதிரி. அது வெளியேறச் சுவரின் குறுக்கே பதினெட்டுக் குழாய்கள் வைத்திருந்தார்கள்.

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் நிஷாலினி சைட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே, லயத்து மரியகொரட்டி வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, ஒங்க சுவரு ராசா மாதிரி நிக்குது! மூணு நாளா கொட்டுது, ஒரு சொட்டு கசியல பாருங்க!"

நிஷாலினி பார்த்தாள். பதினெட்டுக் குழாய்களும் காய்ந்து கிடந்தன. மழைக்காலத்தில் அந்தக் குழாய்கள் ஒழுகத்தான் வேண்டும். ஒழுகவில்லை என்றால் மூன்று நாள் தண்ணீரும் பின்னால் ஏறி நின்று சுவரைத் தள்ளுகிறது.

ஏன் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கொங்கிரீட் கொட்டும்போது உள்ளே போய் அடைக்காமலிருக்க, குழாய்களின் இரண்டு வாயிலும் சீமெந்துப் பைத் தாளைக் கசக்கித் திணிப்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் பிடுங்க வேண்டும். முன்பக்கம் பிடுங்கியாயிற்று. பின்பக்கம், சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் கல் நிரப்பி மூடிய அன்று தூறல். கல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நின்றன, டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். சரிபார்ப்புத் தாளில் 'குழாய்கள் திறந்துள்ளன' என்ற வரிக்கு எதிரே அவள் கையெழுத்துப் போட்டாள். பின்பக்கம் இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

சைட் மேற்பார்வையாளர் பஸீல் இருபது வருடம் இந்த வேலையிலேயே ஊறியவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"மெதுவாப் பேசு புள்ள. நீ மாட்டினா நானும் சேர்ந்துதான் மாட்டுவேன். ஒன்ன நம்பி நானும் போய்ப் பாக்கல. மழ இன்னைக்கு விட்டாலும் விடும்."

"விடலன்னா என்ன செய்யிறது, பஸீல் நானா?"

பஸீல் வானத்தைப் பார்த்தார். மேகம் விலகுவதாக இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று அவர் நினைத்த நேரம் அரை நிமிடம்தான். பிறகு அவரே போனை எடுத்து நீட்டினார்.

பதுளையிலிருந்த இஞ்சினியர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல்ல ஆட்களை வெளியேத்துங்க. பிறகு சுவர் உயரம் குறைவா இருக்கிற ஓரத்திலிருந்து தொடங்குங்க. ஒரு வெடிப்பு கண்டாலும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க. ரோட்டுல மண் விழுந்திருக்கு, என்னால இப்ப வர முடியாது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆட்களை வெளியேற்றுவது அத்தனை லேசாக இல்லை. "சுவருக்கு ஆபத்து, கோயில் மண்டபத்துக்குப் போங்க" என்று நிஷாலினி வாசல் வாசலாகச் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. அடுப்பில் சோறு வேகிறது, உள்ளே காய்ச்சல்காரர் படுத்திருக்கிறார் என்று ஆளுக்கொரு காரணம்.

"சுவரு காஞ்சு கெடக்கு, நாங்க ஏன் நனையணும்?" என்றாள் மரியகொரட்டி. "எங்களுக்கும் கண்ணு இருக்கு தங்கச்சி."

பிழையைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்ற நப்பாசை அதுவரை நிஷாலினிக்கு இருந்தது. அது அங்கே செத்தது. ஏழு வாசலுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அது காஞ்சு கெடக்குறதுதான் ஆபத்து! தண்ணி பூரா பின்னால நிக்குது. கொழாய் எல்லாம் அடைச்சிருக்கு. நான் பாக்காம, பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். என் பிழை. தயவுசெஞ்சு போயிருங்க!"

மரியகொரட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிப் பாவி," என்றாள். மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் மற்ற வீடுகளும் நடந்தன.

பஸீல் குழாய்களைக் குத்தித் திறக்க இரும்பு அலவாங்கை எடுத்தார். "நீ தள்ளி நில்லு" என்றார். அவள் தள்ளி நிற்கவில்லை, ஒரு நீளக் கம்பியோடு அவர் பக்கத்தில் போனாள். இடுப்பளவு உயரமிருந்த ஓரத்தில் முதல் குழாய்க்குள் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார்கள். தாள் கிழிந்து, சேற்று நீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. உயரம் குறைந்த இடத்திலேயே இவ்வளவு வேகமா என்று நினைத்தபடி அடுத்த குழாய்க்கு நகர்ந்தாள்.

நடுப்பக்கம் போகப் போகச் சுவர் உயர்ந்தது. கீழ் வரிசைக் குழாய்க்கு முன்னால் குனிந்தால் தலைக்கு மேல் எட்டடிக் கொங்கிரீட். ஒருவர் அடிக்க, மற்றவர் ஒவ்வொரு அடிக்கும் வெடிப்பு விழுகிறதா என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கரணம் தப்பினால் மரணம் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அவள் மட்டும் எண்ணினாள். பதினான்காவதில் சீமெந்துப் பால் இறுகிப் போயிருந்தது. பஸீலின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்த பிறகுதான் அது வழிவிட்டது. கடைசிக் குழாய் திறந்தபோது பிற்பகல் மூன்று மணி. மாலையாகும்போது சேறு குறைந்து தெளிந்த நீர் ஓடியது.

சுவர் விழவில்லை. மறுநாள் வீடு திரும்பிய மரியகொரட்டி இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள். "இந்தா, அப்படியேதானே நிக்குது! நனைஞ்சது நாங்கதான். இப்ப அடுப்படி வரைக்கும் தண்ணி வேற" என்று முணுமுணுத்தாள். தண்ணீர் வடிந்தோடக் கான் வெட்டித் தருகிறோம் என்று சொல்லி நிஷாலினி மண்வெட்டியை எடுத்தாள்.

இரண்டு நாளில் வீதி திறந்தது, இஞ்சினியர் வந்தார். சுவரை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்துவிட்டு, சரிபார்ப்புத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சேர்."

"இதுக்குக் கீழ ஏழு குடும்பம் தூங்கியிருக்கு."

அவர் பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துக்கான இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஆறு மாதப் பயிற்சியும் இனி முதலிலிருந்து. பஸீலுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். பிறகு பதிவேட்டை மூடிக்கொண்டே, "இந்தப் பிள்ளையை எந்த சைட்டுக்கு அனுப்பலாம்?" என்று பஸீலிடம் கேட்டார்.

"இங்கயே விடுங்க சேர்," என்றார் பஸீல், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி. "புதுசா ஒரு ஆள் வந்தா ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால நான் போய்ப் பாக்கணும். இவ போட்டா இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்."

சுவருக்கு முன்னால் குனிந்து நின்றபோது வராத அழுகை நிஷாலினிக்கு அப்போதுதான் வந்தது.