படலைக்கு உள்ளே சிவப்புக் கட்டைகள்

தார் காய்ச்சும் மணம் காலையிலிருந்து யன்னலால் வந்துகொண்டிருக்கிறது. வவுனியாவில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்கு முன்னால் வீதிக்கு ஒட்டுப் போடுகிறார்கள். பீப்பாய்க்குக் கீழே விறகு எரிகிறது. கறுப்புப் புகை உள்ளே நுழைந்து மேசையில் கிடக்கும் தாள்களில் குந்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுகளைச் சாத்திவிட்டார். நான் சாத்தவில்லை. வீதி வேலையின் இந்த மணம் வந்தால் எனக்கு அக்கா சிரிக்கிற சத்தம் கேட்கும். நடுவீதியில் இருந்துகொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் சிரித்த சிரிப்பு.

அது மாரி கழிந்து அறுவடை தொடங்கியிருந்த நேரம். ஒரு காலையில் அக்காவின் அழைப்பு வந்தது.

“தம்பி, எங்கை நிக்கிறாய்?”

அவள் எப்போதும் இப்படித்தான் தொடங்குவாள். கதை எழுதிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன் நான்; எங்கே நிற்கிறேன் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமில்லாத விஷயம்.

“வவுனியாவிலைதான். ஏன்?”

“ஒருக்கா வாவன். வளவுக்குள்ளை கட்டை அடிச்சிருக்கிறாங்கள்.”

“என்ன கட்டை?”

“சிவப்புக் கட்டை.”

எழுதின தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தலையில் சிவப்புப் பூசிய கட்டைக்கு வேறு அர்த்தம் கிடையாது. கண்ணிவெடி அகற்ற வருகிறவர்கள் அடிப்பது அது. கட்டைக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் நடக்கக்கூடாது. யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு முன்னம் அதைத்தான் படித்தார்கள். பந்து கட்டையைத் தாண்டி உருண்டால் பந்து போனது போனதுதான். அக்காவும் அத்தானும் தங்கள் காணியைத் துப்புரவாக்கித் தரும்வரைக்கும் முகாமிலும், பிறகு தெரிந்தவர்கள் வீட்டுக் கோடியிலும் காத்திருந்தவர்கள். வந்த பிறகும் அக்கா வெண்டியும் பயற்றங்காயும் மட்டும்தான் நட்டாள். மாசக் கணக்கில் காய்க்கிறது போதும், வருஷக் கணக்கில் காய்க்கிறதை யார் நின்று பார்ப்பது என்பாள். கல்வீடு எழும்பி, பூச்சுப் பூசி, மகள் கலியாணம் முடித்துப் போன பிறகுதான் படலையடியில் ஒரு மாங்கன்று வைத்தாள். அவள் மனம் அந்த நிலத்தில் இருந்து எழும்பாமல் குந்திவிட்டது என்று அந்தக் கன்றைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

அந்த நிலத்தில் இப்போது சிவப்புக் கட்டை. போன மாதம்தான் அடுத்த ஊரில் உழவு மெஷின் பழைய ஷெல் ஒன்றில் தட்டுப்பட்டு, அந்த வயலை மறுபடியும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஆகவே அக்கா சொன்னதை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை.

பரந்தன் வரைக்கும் பஸ் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே இறங்கிக் கண்டாவளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் வேறு உலகம். மாரி வெள்ளம் வீதியைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் விட்டிருந்தது. மதகு ஒன்று ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதில் ஏறும்போது பஸ் நின்று, யோசித்து, மூச்சை இழுத்துக்கொண்டு ஏறியது. எதிரே உழவு மெஷின் வந்தால் இரண்டில் ஒன்று வயலுக்குள் இறங்கத்தான் வேண்டும்.

“தெற்கிலை ஹைவே எண்டு ஒண்டு இருக்காம்,” என்றார் முன் இருக்கையில் இருந்த முதியவர். “காசு கட்டிப்போட்டு ஏறினால் தேத்தண்ணி தளும்பாதாம்.”

“இஞ்சையும் காசு கட்டித்தானே ஏறினனீங்கள் ஐயா,” என்றார் கொண்டக்டர். “குலுக்கிறதுக்குத் தனியாக் கேட்டனானோ?”

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் வளவை மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடி, ஆட்டுக் கொட்டில், துணி காயும் கொடி. எத்தனை வருடமாக எத்தனை கால்கள் அதில் நடந்திருக்கின்றன. அப்படி நடந்த நிலத்தின் அடியில் இன்னும் ஏதாவது விழித்திருக்குமா?

அக்கா தன் வீட்டில் இல்லை. வீதிக்கு எதிர்ப்பக்கத்து வீட்டு முற்றத்தில், இரவல் கதிரையில் இருந்து தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பயணப் பை. மகள் வீட்டில் நாலைந்து நாள் நின்றுவிட்டு அன்று விடியத்தான் திரும்பியிருக்கிறாள். படலையைத் திறந்ததும் கட்டைகள் கண்ணில் பட, வைத்த காலை எடுத்துக்கொண்டு இங்கே வந்து இருந்தவள்தான்.

“உள்ளுக்கை போகேல்லையோ?”

“எப்பிடிப் போறது? பார்.”

பார்த்தேன். வேலிக்கு உட்புறமாக, வீதிக்குச் சமாந்தரமாக, பளிச்சென்ற சிவப்புத் தலையுடன் வரிசையாகக் கட்டைகள். ஒன்று மாங்கன்றுக்குப் பக்கத்திலேயே. வீடு அதற்கு அப்பால், பூட்டியபடி. கோழிகள் கட்டைகளுக்கு இடையால் போய் வந்தன. ஒவ்வொரு கோழியும் தாண்டும்போது அக்காவின் கை கதிரைப் பிடியை இறுக்கியது.

எதிர்வீட்டுக்காரி மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவள். அக்கா இல்லாத நாட்களில் ஆட்டுக்கும் கோழிகளுக்கும் அவள்தான் பொறுப்பு.

“நேத்து ஒரு வெள்ளை ஜீப்பு வந்துச்சுங்க,” என்றாள். “மஞ்சச் சட்டை, தலையில தொப்பி. மூணு காலு வச்ச பெட்டி ஒன்னை நிறுத்தி, ஒத்தக் கண்ணால குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க. கேக்கலாம்னு போறதுக்குள்ள ஏறிப் போயிட்டாங்க.”

மண்ணுக்கு அடியில் இருப்பதை அறியும் பெட்டி என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி நினைத்தோம். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

“அய்யய்யோ, காலையில நான் ஆட்டுக்குத் தழை போட அதுக்குள்ளாறதானே நடந்தேன்!”

தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள், இன்னும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது போல.

கிராம சேவகருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அத்தான் அறுவடை மெஷினோடு மன்னாரில் நின்றார். அவருக்கு எடுத்தால், “நான் வருமட்டும் ஒருத்தரும் உள்ளுக்குக் கால் வையாதேங்கோ” என்று கத்தினார்.

வெயில் ஏறியது. கொட்டிலில் ஆடு தண்ணீருக்குக் கத்தத் தொடங்கியது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல்.

“நான் போய் வைச்சிட்டு வாறன்,” என்றேன். “அவா காலையிலை நடந்த இடத்தாலை போறன்.”

அக்கா என் சேர்ட்டை எட்டிப் பிடித்தாள். “இரடா. காத்திலை நடக்கிறது உன்ரை எழுத்திலை சரி. இது நிலம்.”

நானும் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் பிடிக்காவிட்டாலும் நான் படலையோடு நின்றிருப்பேன். எனக்கும் சிவப்புக் கட்டைக்குப் பழகிய அதே கால்தானே.

அக்கா ஆடு கத்தும் திசையைப் பார்த்தபடியே சொன்னாள்: “இனியும் எழும்பச் சொன்னால் என்னாலை ஏலாது தம்பி. பையைத் தூக்கக் கை வருகுதில்லை. காலமை தொடக்கம் உதிலைதான் கிடக்கு.”

ஆடு கத்தியது, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளை ஜீப் பள்ளங்களில் ஆடி ஆடி வந்து எங்கள் முன்னால் நின்றது அப்போதுதான். மஞ்சள் அங்கி போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களில் தடித்த, நரை விழுந்த ஒருவர், சிவப்பும் வெள்ளையும் அடித்த நீளத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் போலப் படலையைத் தள்ளித் திறந்து நேரே கட்டைகளை நோக்கி நடந்தார்.

“ஐயோ! காலை வையாதேங்கோ!”

அக்காவின் குரல் அப்படி எழும்பும் என்று எனக்குத் தெரியாது. மனுசன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். வயிறு ஒரு பக்கம், தடி ஒரு பக்கம், ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றார்.

“என்னம்மா, பாம்போ?” என்றார் அவர்களுக்குப் பெரியவராகத் தெரிந்தவர்.

“பாம்பில்லை, வெடி!”

“என்ன வெடி?”

“நீங்கள்தானே கட்டை அடிச்சனீங்கள்!”

அவர் கட்டைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அக்காவின் காலடியில் கிடந்த பையைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது.

“அம்மா, நாங்கள் நிலம் அளக்கிற ஆக்கள். இது றோட்டுக்கு.”

“எந்த றோட்டுக்கு?”

“இந்த றோட்டுக்குத்தான். அகலமாக்கப் போகினம். இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவிச்சது, நீங்கள் நிக்கேல்லைப் போலை.”

“வெடி இல்லையோ?”

“இல்லையம்மா. வெறும் அளவுக் கட்டை.”

“சேர்,” என்றார் ஒற்றைக் காலில் நின்றவர், “நான் இனிக் காலை வைக்கலாமோ?”

அப்போதுதான் அக்கா சிரித்தாள். கதிரையில் இருந்து எழும்பி வீதியைக் கடக்க வெளிக்கிட்டவள், பாதியில் அப்படியே நடுவீதியில் குந்திவிட்டாள். “றோட்டோ... றோட்டுக்கோ...” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எதிர்வீட்டுக்காரி தன் பாதங்களைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், முகம் நனைந்திருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைச் சுற்றி விலக்கி ஓட்டியபடி, “என்ன அக்கா, காணி போறதுக்குச் சிரிக்கிற முதல் ஆள் நீங்கள்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். படலைக்குள்ளால் நேரே நடந்து, கட்டையைத் தாண்டி, கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஆட்டுக்கு வைத்தாள். பிறகு வந்து நில அளவையாளருக்கு முன்னால் நின்றாள்.

“இனிச் சொல்லுங்கோ. என்ன போகுது?”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வேலி போகும். படலை போகும். முன்பக்க முருங்கைகள் போகும். இந்தக் கட்டை வரைக்கும்.

“வீடு?”

“வீட்டுக்கு ஒண்டுமில்லை.”

“கிணறு?”

“அதுக்கும் ஒண்டுமில்லை அம்மா.”

“அப்ப எடுங்கோ,” என்றாள் அக்கா. “குந்துங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

அந்த மனிதர் முகத்தில் இருந்த திகைப்பை என்னால் மறக்க முடியாது. விறாந்தையில் கால் நீட்டி இருந்து, சீனி கூடின தேநீரை ஊதிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “போற இடமெல்லாம் ஏச்சுத்தான் அண்ணை. ஒரு ஊரிலை நாயை அவிட்டு விட்டவை. கட்டை அடிச்சதுக்குத் தேத்தண்ணி தந்தது இந்த வீடுதான்.”

“அந்தக் காசு கட்டிற றோட்டும் இதாலையோ வரும்?” என்று குசினிக்குள் இருந்து கேட்டாள் அக்கா.

“அது வரும் எண்டு கதை. எப்ப, எதாலை எண்டு எங்களுக்கே தெரியாது. வந்தால் இந்த றோட்டுப் போய் அதிலை ஏறும். அதுதான் இப்பவே அகலமாக்கினம்.”

“அப்ப என்ரை வீட்டுக்கு நான் வரவும் காசோ?”

“இல்லையம்மா, அதிலை ஏறினால்தான் காசு.”

“தெற்கிலை நான் அதிலை ஒருக்காப் போனனான்,” என்றார் தடித்தவர். “நல்ல றோட்டு. என்ன, இடையிலை நிப்பாட்டேலாது. எங்களைப் போலை சீனி வருத்தக்காரருக்குச் சரிவராது.”

தேநீர் முடிந்ததும் அக்கா அலவாங்கை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனாள். மாங்கன்றைச் சுற்றி மண்ணோடு தோண்டத் தொடங்கினாள். வேர் பிடித்திருக்குமா, மறு இடத்தில் தாங்குமா என்று நான் கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. தடித்தவர் தன் தடியை வேலியில் சாத்திவிட்டு, கேட்காமலே மண்வெட்டியை எடுத்தார். கட்டைக்கு உட்புறமாக, வீட்டு வாசலுக்கு நேரே, அக்கா கால் விரலால் காட்டிய இடத்தில் கிடங்கு வெட்டினார். நில அளவையாளர் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வையுங்கோ அம்மா, மதில் கட்டினாலும் பிறகு தடையிராது” என்றார். கன்று வாடிப்போய் நின்றது. அக்கா அதன் தலையில் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினாள். நரம்பு புடைத்த அந்தக் கைகள் மண்ணை அமத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, காலையில் இருந்து எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, கட்டிவைத்த மாட்டை அவிழ்த்து விட்டது போல, தன்பாட்டில் எழும்பிப் போனது.

பின்னேர பஸ்ஸுக்கு அக்கா வீதிவரை வந்தாள். படலைக்கும் வாசலுக்கும் இடையில் இன்னும் அவள் அளக்க வந்தவர்கள் நடந்து பதிந்த தடத்தில்தான் கால் வைத்தாள். நானும் அப்படித்தான். அந்தப் பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பிறப்பில் போகாது.

தூரத்தில் பஸ் ஒவ்வொரு பள்ளமாகக் கும்பிட்டுக் கும்பிட்டு வந்தது.

“அந்தப் பெரிய றோட்டு உண்மையா இதாலை வந்தால் என்னக்கா செய்யிறது?”

“வரேக்கை பாப்பம். வந்து கேட்டிட்டுக் கட்டையை அடிக்கட்டும். கேட்டால் நானும் கதைப்பன்தானே.”

பஸ் நின்றது. கொண்டக்டர் தட்டினார். நான் மிதிபலகையில் ஏறித் திரும்பினேன்.

“போட்டு வாறன் அக்கா. வாற மாசம் வந்தால் நிப்பியோ?”

“நீ எங்கை நிப்பாய் எண்டதுதான் தெரியாது. நான் இஞ்சைதான் நிப்பன்.”